ஒரு குதிரையின் இனிஷியல்

என் கையெழுத்தில் முதலில் வருவது நான் இல்லை; அப்பா. ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அதற்கப்புறம்தான் என் பெயர். ரேஷன் கார்டு, பான் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அவர் முன்னே போக, நான் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, 2021 வரை. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். முதலில் குதிரை.

அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கேஷியர். ஆபீஸ் நாட்களில் அடுத்தவன் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணுவார். லீவு நாள் வந்தால் சொந்தப் பணத்தை எண்ணாமல் கொண்டுபோய் ரேஸில் கட்டுவார். 1996 ஜனவரியில், குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, அது திறமை சம்பந்தப்பட்ட விளையாட்டு என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு, கால் கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது எட்டு வயசு. மைசூர்பாகு எதற்காக என்று கேட்கிற வயசில்லை.

"பாத்தியாடி, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இது திறமையாம்!" என்றார் அம்மாவிடம்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை. "அப்ப திறமை இருக்கறவங்க ஜெயிக்கணுமே?" என்றாள்.

அப்பாவுக்குத் திறமை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஜெயிக்கிற குதிரையைக் கண்டுபிடிக்கிற திறமை அல்ல, ஜெயிக்காத குதிரையின் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடிக்கிற திறமை! ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்குக் கீழேயும் அதன் அப்பா பெயர், அம்மா பெயர் போட்டிருக்கும். அப்பனை 'சயர்' என்பார்கள், அம்மாவை 'டேம்'. மற்றவர்கள் ஜாக்கி யார், எடை எவ்வளவு என்று பார்ப்பார்கள். என் அப்பா வம்சம் பார்ப்பார். பெண் பார்க்கப் போகிற மாதிரி.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கொடிகட்டிப் பறந்த சயர் ரஸீன். "ரஸீன் குட்டின்னா கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்டா" என்பார். கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டினார் என்று நினைக்கிறேன். ரஸீனின் அப்பா நார்தர்ன் டான்சர் என்ற கனடா குதிரை. அங்கேயிருந்து அப்பா ஆரம்பித்தால் கட்டபொம்மன் வசனம் மாதிரி மூச்சு விடாமல் போவார். நார்தர்ன் டான்சர், அவன் அப்பன் நியர்க்டிக், அவன் அப்பன் நியர்கோ, ஃபாரோஸ், ஃபலாரிஸ், பாலிமீலஸ்... ஒரு இருபத்தோரு தலைமுறை தாண்டி ஒரு இடத்தில் வந்து நிற்பார். குரல் தணிந்துவிடும்.

"டார்லி அரேபியன். இவன்தான்டா எல்லாருக்கும் பாட்டன்."

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு முன்னால் அங்கே வாங்கிய, அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் அந்தக் குதிரையின் படம் உண்டு. சிவலை நிறம், கறுப்புப் பிடரி, நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை. என் பாட்டன் போட்டோ எங்கள் வீட்டில் கிடையாது. இந்தக் குதிரையின் படம் இருந்தது.

கதை 1703-ல் ஆரம்பிக்கிறது. சிரியாவில் அலெப்போ நகரம். அப்போது அது துருக்கி சுல்தான் ராஜ்ஜியம். இங்கிலாந்திலிருந்து வந்த வியாபாரிகள் கம்பளித் துணியைக் கொடுத்துப் பட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் டார்லி. ஊரைவிட்டு வந்து வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தவர். இன்றைக்கு துபாயில் இருக்கிற நம்மவர்கள் ஊருக்கு டிவி அனுப்புகிற மாதிரி அவருக்கும் வீட்டுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்று இருந்திருக்கும். அரபுகளிடமிருந்து ஒரு ஆண் குதிரைக் குட்டியை வாங்கினார்.

எப்படி வாங்கினார் என்பதற்கு விதவிதமாகக் கதை சொல்வார்கள். ஒரு துப்பாக்கிக்குப் பண்டமாற்று என்பார்கள். ஷேக் விலை பேசிவிட்டுப் பின்வாங்கினார், ஆள் வைத்துக் கடத்திக்கொண்டு போனார்கள் என்பார்கள். அப்பாவுக்குக் கடத்தல் கதைதான் பிடிக்கும். எம்.ஜி.ஆர். படம் மாதிரி கையை வீசிச் சொல்வார். எனக்கு அதைவிடப் பிடித்தது டார்லி எழுதிய கடிதம்தான்.

1703 டிசம்பரில் யார்க்‌ஷயரில் இருக்கும் சகோதரருக்கு எழுதுகிறார். வருகிற மார்ச்சில் குதிரைக்கு நாலு வயசு முடியும், நிறம் இன்னது, எந்தெந்தக் காலில் வெள்ளை, அரபுகள் உசத்தியாக நினைக்கிற இனம் இது என்று ஒரு சரக்குப் பட்டியல் மாதிரி எழுதிவிட்டு, இங்கேயே நல்ல விலைக்கு விற்றிருப்பேன், ஊருக்கு என்று வைத்திருக்கிறேன் என்று முடிக்கிறார். வியாபாரி இல்லையா, விலை போயிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

1704-ல் குதிரை கிளம்பியது. அலெப்போவுக்குக் கடல் கிடையாது. கடற்கரை வரை நடத்திக் கொண்டுபோய்க் கப்பலேற்ற வேண்டும். அப்போது ஐரோப்பாவில் பெரிய சண்டை. வழியில் ஃபிரெஞ்சுக் கப்பல் பிடித்தால் குதிரை ஃபிரெஞ்சு ராஜா லாயத்துக்குப் போயிருக்கும். பிடிக்கவில்லை. குதிரை பத்திரமாக யார்க்‌ஷயர் போய்ச் சேர்ந்தது. அனுப்பிய தாமஸ் டார்லி ஊர் திரும்பவே இல்லை. அங்கேயே காலமாகிவிட்டார். குதிரை ஓடியதையோ, அதன் பிள்ளைகளையோ அவர் பார்க்கவில்லை.

ஓடியதை அவர் மட்டுமல்ல, யாருமே பார்க்கவில்லை. டார்லி அரேபியன் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. ஆல்ட்பி பார்க் என்ற அந்தக் குடும்பத்துப் பண்ணையில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, 1706-லிருந்து 1719 வரை இனவிருத்திக் கடமையைச் செய்துவிட்டு, 1730-ல், முப்பது வயசில் செத்துப்போனது. பெரும்பாலும் பண்ணையின் சொந்தப் பெண் குதிரைகளோடு சரி. வெளியூர்ப் பெண் குதிரைகள் வந்தது ரொம்பக் குறைவு. அந்தக் குறைவில் ஒன்றுதான் டான்காஸ்டர் பக்கத்திலிருந்து சைல்டர்ஸ் என்பவர் கொண்டுவந்த பெட்டி லீட்ஸ்.

அந்த ஜோடிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஃப்ளையிங் சைல்டர்ஸ். தோல்வியே தெரியாதவன். டெவன்ஷயர் பிரபு வாங்கினார். இவனைவிட வேகமான குதிரை உலகத்தில் பிறந்ததில்லை என்று இங்கிலாந்தே பேசியது. இளையவன் பார்ட்லெட்ஸ் சைல்டர்ஸ். அதே அப்பன், அதே ஆத்தா. ஆனால் ஓடினால் ரத்தக் குழாய் வெடித்து ரத்தம் வந்துவிடும். அதனால் ரேஸ் பக்கமே போகவில்லை. 'ரத்தம் வடிகிற சைல்டர்ஸ்' என்று ஒரு பட்டப்பெயர் வேறு.

நீங்கள் பணம் கட்டுவதாக இருந்தால் யார் மேல் கட்டுவீர்கள்? நானும் மூத்தவன் மேல்தான் கட்டுவேன். ஆனால் இந்த ரேஸ் குதிரை இனத்தில் மூத்தவனின் ஆண் வாரிசு வரிசை நிலைக்கவில்லை. வம்சத்தைக் காப்பாற்றியது ரத்தம் வடிந்த தம்பி.

அந்தத் தம்பியின் மகன் ஸ்க்வர்ட். அவனுக்குக் குளம்பில் வியாதி வந்து நிற்க முடியாமல் போய்விட்டது. சுட்டுவிடச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். இழுத்துக்கொண்டு போகும்போது குதிரைக்காரன் ஒருவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உயிரை மீட்டதாகச் சொல்வார்கள். ஸ்க்வர்ட்டின் மகன் மார்ஸ்க். அவன் மேலும் யாருக்கும் நம்பிக்கை இல்லை. எஜமானர் கம்பர்லாண்ட் பிரபு 1765-ல் இறந்ததும் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். ஒரு கிராமத்து விவசாயியிடம் போய், காட்டு மட்டக் குதிரைகளுக்கு அரை கினி கூலிக்கு மாப்பிள்ளையாக இருந்தான். ஆக, ஓடாதவன், நொண்டி, விலைபோகாதவன். என் அப்பா இந்த இடத்தில் என்னைப் பார்த்து, "மார்க் ஷீட்டை வெச்சு எவனையும் எடை போடாதே" என்பார். என் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும் நாட்களில் மட்டும் இதைச் சொல்ல மாட்டார்.

மார்ஸ்க் விலைபோவதற்கு முன்னால், 1764 ஏப்ரல் 1-ம் தேதி சூரிய கிரகணம். அந்தக் கிரகணத்தின்போது பிரபுவின் லாயத்தில் அவனுக்கு ஒரு குட்டி பிறந்தது. பெயரே கிரகணம்... எக்லிப்ஸ். நம் ஊராக இருந்தால் கிரகணத்தில் பிறந்ததற்குப் பரிகாரம் பண்ணியிருப்போம். அங்கே பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள்.

பிரபு போனதும் எக்லிப்ஸையும் ஏலம் விட்டார்கள். வாங்கியவர் வில்லியம் வைல்ட்மேன், லண்டன் ஸ்மித்ஃபீல்ட் சந்தையில் கறி வியாபாரி. குதிரைக்கோ கோபம் தாங்காது. காயடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார்களாம். அந்த யோசனை மட்டும் பலித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

1769 மே மாதம் எப்சமில் எக்லிப்ஸ் முதல் தடவையாக ஓடியது. பார்க்க வந்தவர்களில் டென்னிஸ் ஓ'கெல்லி என்ற அயர்லாந்துக்காரர். ஒரு காலத்தில் பல்லக்குத் தூக்கியவர், கடன் கட்ட முடியாமல் ஜெயிலில் இருந்தவர், சூதாடி. முதல் சுற்று முடிந்ததும், அடுத்த சுற்றில் குதிரைகள் என்ன வரிசையில் வரும் என்று சொல்கிறேன், பந்தயம் கட்டுகிறீர்களா என்றார். கட்டினார்கள். எக்லிப்ஸ் முதல், மற்றதெல்லாம் எங்கேயும் இல்லை என்றார். அந்தக் கால விதிப்படி முதல் குதிரைக்கு 240 கெஜத்துக்கு மேல் பின்தங்கினால் அந்தக் குதிரை கணக்கிலேயே சேராது. அப்படியே நடந்தது!

அப்பாவின் சாமி அலமாரியில் இடம் இருந்திருந்தால் ஓ'கெல்லி படத்தை மாட்டியிருப்பார். அந்தாள் அதோடு நிற்கவில்லை. முதலில் பாதிப் பங்கு, பிறகு மீதிப் பங்கு என்று குதிரையையே வாங்கிவிட்டார். எக்லிப்ஸ் 18 பந்தயம் ஓடி, 18-லும் ஜெயித்தது. அதில் பலவற்றில் எதிர்த்து ஓட ஆளே வரவில்லை. அப்புறம் லாயத்தில் சம்பாதித்தது ஓடிச் சம்பாதித்ததைவிடப் பல மடங்கு. இத்தனைக்குப் பிறகும் பெரிய மனிதர்களின் ஜாக்கி கிளப்பில் ஓ'கெல்லியைக் கடைசிவரை மெம்பராகச் சேர்க்கவில்லை. குதிரைக்கு வம்சம் பார்த்தவர்கள் மனிதனுக்குப் பார்க்காமல் இருப்பார்களா? 1789-ல் வயிற்று வலி வந்து எக்லிப்ஸ் செத்தது. அதன் எலும்புக்கூடு இன்றும் லண்டனுக்கு வெளியே ஹாக்ஸ்ஹெட்டில், கால்நடை மருத்துவக் கல்லூரியில் நிற்கிறது.

எக்லிப்ஸின் மகன்களில் ஒருவன் பெயர் உருளைக்கிழங்கு. பொட்டேட்டோஸ்! லாயத்துப் பையனிடம் பெயரை எழுதச் சொன்னார்களாம். அவன் காதில் 'பாட் - எயிட் - ஓஸ்' என்று விழுந்திருக்கிறது. 'பாட்' என்று எழுதிப் பக்கத்தில் எட்டு 'ஓ' போட்டுவிட்டான். முதலாளி சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றாராம். நம் ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்தால் நாம் என்ன பாடு படுகிறோம்! அந்த உருளைக்கிழங்கின் வழியில்தான் நார்தர்ன் டான்சர் வருகிறது. குட்டையான குதிரை. குட்டியாக இருந்தபோது 25,000 டாலருக்கு ஏலம் சொல்லி ஒருவரும் சீண்டவில்லை. 1964-ல் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. எக்லிப்ஸ் பிறந்து சரியாக 200 வருஷம்.

ரேஸ் குதிரை மட்டும்தானா என்றால் இல்லை. ஒலிம்பிக்ஸில் வேலி தாண்டுகிற குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பக்கத்து இனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர் வந்ததும் அங்கே ஏர் இழுத்த கனத்த குதிரைகளுக்கு வேலை போய்விட்டது. வி.ஆர்.எஸ். கொடுக்காமல் விவசாயிகள் வேறு வழி யோசித்தார்கள். இங்கிலீஷ் ரேஸ் குதிரையின் ரத்தத்தைக் கலந்து விளையாட்டுக் குதிரையாக்கினார்கள். அப்படிப் போன ஒருவன் லேடிகில்லர். பெயரைப் பாருங்கள்! அவனும் ஃபலாரிஸ் வழி, அதாவது டார்லி வழி. அவன் மகன் லாண்ட்கிராஃப். லாண்ட்கிராஃபின் மகன் லிபெரோ, 1994-ல் ஜோஸ் லான்சிங்க் ஏறி உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஜெயித்த குதிரை.

லேடிகில்லர், லாண்ட்கிராஃப், லிபெரோ. ஏதாவது தெரிகிறதா? எல்லாம் 'ல'னாவில் ஆரம்பம். ஹோல்ஸ்டைனில் ஆண் குட்டிக்கு அப்பன் பெயரின் முதல் எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். இனிஷியல்! பெண் குட்டிக்கு? அந்தந்த வருஷத்துக்கு என்ன எழுத்து வந்திருக்கிறதோ, அந்த எழுத்து.

இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு லேசாக உறுத்த ஆரம்பித்தது. நான் பி.காம். ஒரு பேலன்ஸ் ஷீட்டில் எல்லா லாபமும் ஒரே பக்கம் வந்தால், இன்னொரு பக்கம் எங்கே என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

2001-ல் அயர்லாந்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். இன்றைய ரேஸ் குதிரைகளில் 95 சதவிகிதத்தின் நேர் ஆண் வரிசை, மகன், அப்பன், பாட்டன் என்று பின்னால் போனால், ஒரே ஒரு ஆண் குதிரையில் போய் முடிகிறது. டார்லி அரேபியன். அப்பா சொன்னது சரி! ஆனால் 95 சதவிகிதம் என்பது இனிஷியல் மட்டும்தான். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோம் கணக்கு அது. மொத்த மரபணுவில் டார்லியின் பங்கு என்ன என்று பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கோடால்ஃபின் அரேபியன் என்ற இன்னொரு குதிரையின் பங்கு இதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. பெயர் ஒருவனுக்கு, சரக்கு பல பேருடையது.

இதற்குக் காரணம் கணக்குப் புத்தகம். இங்கிலாந்தில் 1791-ல் ஜேம்ஸ் வெதர்பி என்பவர் ரேஸ் குதிரைகளின் வம்சாவளியை ஜெனரல் ஸ்டட் புக் என்று தொகுத்து அச்சிட ஆரம்பித்தார். அது மட்டும் இல்லையென்றால் டார்லியை இன்று யாருக்குத் தெரியும்? நம் பாண்டிய நாட்டுக்கும்தான் அரபுக் குதிரை கப்பல் கப்பலாக வந்தது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் பொன் கொட்டி வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் கிடையாது, லாடம் அடிக்கிறவனை வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள் என்று 13-ம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அத்தனை குதிரையில் ஒன்றின் பெயராவது நமக்குத் தெரியுமா?

அதே இங்கிலீஷ் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினால் ஆண் குதிரைகளுக்கெல்லாம் கம்பீரமான பெயர். பெண் குதிரைகளில் ஏராளமானவற்றுக்குப் பெயரே இல்லை. இன்னாரின் மகள், இன்னாரின் தங்கை. அவ்வளவுதான்.

2012-ல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. இதுவும் அயர்லாந்து. மயோஸ்டாட்டின் என்று ஒரு மரபணு. தசை வளர்ந்தது போதும் என்று பிரேக் போடுகிற வேலை அதற்கு. அதில் ஒரு வகை இருந்தால் குதிரை குறைந்த தூரத்தில் அம்பு மாதிரி பாயும். 'வேக மரபணு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இது எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். 1764-லிருந்து 1930 வரை பிறந்த புகழ்பெற்ற ஆண் குதிரைகளின் எலும்பையெல்லாம் மியூசியத்திலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். அரேபியாவிலிருந்து வந்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், அப்பா உள்பட. ஆராய்ச்சிக்காரர்கள் சொன்ன முடிவு வேறு. சுமார் 300 வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை, பிரிட்டனின் உள்ளூர்ப் பெண் குதிரை ஒன்றிடமிருந்து வந்தது. பிற்காலத்தில் அதை உலகம் முழுக்கப் பரப்பியவன்தான் நம் நார்தர்ன் டான்சர்.

இப்போது 2021-க்கு வருகிறேன்.

லாக்டவுன் சமயம். வீட்டிலிருந்து வேலை. மொபைலில் ஒரு ஆப். ஆப்ஷன்ஸ் டிரேடிங். ரேஸ் இல்லை சார், ஷேர் மார்க்கெட்! நான் பி.காம். வேறு. முதல் வாரம் 6,000 ரூபாய் லாபம். எட்டு மாதத்தில் 1,85,000 நஷ்டம். மனைவியிடம் சொல்லவில்லை. அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பம். பாத்ரூமுக்குள் போனை எடுத்துக்கொண்டு போய் விலை பார்ப்பேன். அப்பாவும் அப்படித்தான், ரேஸ் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா மெஷினை வேகமாக மிதிப்பாள். அது எனக்கு ஞாபகம் வந்தது. இனிஷியலோடு வியாதியும் சேர்ந்து வந்துவிட்டதா? பிறக்கப்போவது பையனாக இருந்தால் அவனுக்கும் இதே எழுத்துதானே என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எவ்வளவு என்று கேட்டாள். மறுவாரம் ஏலச்சீட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "அந்த ஆப்பை என் கண் முன்னாடி அழி" என்றாள். அழித்தேன். "மருமக கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். உங்கப்பா கடைசி வரைக்கும் என்கிட்ட அவர் வாயால சொல்லல" என்றாள். சொல்ல எனக்கு இன்னும் ஒன்பது நாள் ஆனது. அன்று வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன்.

பிறந்தது பெண். அதற்கும் என் இனிஷியல்தான் என்பது வேறு விஷயம்.

அப்பா போன பிறகு அவர் பீரோவில் ஒரு லாங் சைஸ் நோட்டு கிடைத்தது. பதினோரு வருஷக் கணக்கு. தேதி, குதிரை, சயர், கட்டினது, வந்தது. கேஷியர் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. ஆனால் எந்தப் பக்கத்திலும் கூட்டல் போடவில்லை. அதுதான் அவர் திறமை. சீட்டுப் பணம் வாங்கின அன்றைக்கு ராத்திரி நான் உட்கார்ந்து கூட்டினேன். கட்டினது 1,14,360. வந்தது 71,905. நஷ்டம் 42,455 ரூபாய்.

அந்த வருஷங்களில் அம்மா ஒரு ஜாக்கெட் தைக்க 12 ரூபாய் வாங்கினாள். வகுத்துப் பார்த்தேன். 3,538 ஜாக்கெட். என் ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ் எல்லாம் இந்த மெஷினில் வந்ததுதான். அதற்கு நோட்டு எதுவும் கிடையாது. அளவு ஜாக்கெட்டில் சோப்புத் துண்டால் போட்ட கோடுகள்தான் அவள் எழுத்து. துவைத்தால் போய்விடும்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா எழுதறே?"

"குதிரையைப் பத்திம்மா."

முகம் மாறிவிட்டது. "செத்தும் விடல பாரு அந்தச் சனியன்" என்று உள்ளே போகப் போனவளை நிறுத்தி, டார்லியைச் சொன்னேன், எக்லிப்ஸைச் சொன்னேன். உருளைக்கிழங்குக்குச் சிரித்தாள். சுடச் சொன்ன நொண்டிக் குதிரையைக் கெஞ்சி மீட்டவன் கதைக்கு, "பாவம், அவன் பேரு என்ன?" என்றாள். தெரியாது என்றேன். கடைசியாக 2012 ஆராய்ச்சியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தப் பொட்டைக் குதிரைக்குப் பேரு?"

"பேரு இல்லம்மா. யாரும் எழுதி வைக்கல."

"உங்கப்பாவுக்கு இது தெரியுமா?"

"அவர் இருந்தப்ப இதைக் கண்டுபிடிக்கலம்மா."

"தெரிஞ்சிருந்தா அதுமேலயும் பத்து ரூபா கட்டியிருப்பார்" என்றாள். பிறகு ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினாள். "கண்ணு தெரியல. கோத்துக் குடுத்துட்டு உன் குதிரையைப் பாரு."